செங்கல் தட்டில் விழாத சாவி

எங்கள் அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை அவருடைய நண்பர்கள் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அவருடைய அக்காவை, அதாவது என் அத்தையைப் பற்றி. ஆனால் அத்தையைப் பற்றி எழுதினால் அப்பா வராமல் இருக்க மாட்டார். அவள் வாழ்க்கையில் அவர் அப்படித்தான் இருந்தார். கூப்பிட்டாலும் வருவார், கூப்பிடாவிட்டாலும் வருவார். அத்தையை அவள் என்றும் அப்பாவை அவர் என்றும் எழுதுகிறேன். அவர்மேல் மரியாதை கூடுதல் என்பதற்காக அல்ல, கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்றுதான்.

தெருவில் யாரும் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவள் இஸ்திரியக்கா. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கட்டில் விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அறையின் பச்சை அங்கிகள் எல்லாம் கொதிநீரில் வெந்து, உலர்த்தும் இயந்திரத்தில் சுழன்று, சூடு ஆறாமல் அவள் மேஜைக்கு வரும். இஸ்திரி போடுவதைவிட அவள் அதிகம் செய்தது மடிப்பதுதான். கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நாலு முனையையும் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். எதிரே நிற்பவள் கொஞ்சம் அசந்து முனையை விட்டாலும் துணி தரையில் விழும். மறுபடி கொதிநீருக்குப் போகும். "மடிக்கறதுல என்ன இருக்கு, எதிர்ல நிக்கறவள நம்பணும், அவ்வளவுதான்" என்பாள்.

அவளுக்கு நம்பிப் பழக்கம். அவர்களுடைய அம்மா இறந்துபோனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அப்பாவுக்கு இன்னும் பால் பல் விழவில்லை. படிப்பை விட்டுவிட்டுச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். தம்பியைக் குளிப்பாட்டுவதும், தலை சீவுவதும், கணக்கு வாத்தியாரிடம் அவனுக்காகச் சண்டை போடுவதும் அவள்தான். பள்ளியில் "அம்மாவ கூட்டிட்டு வா" என்றால் அப்பா அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவாராம். "இவ்வளவு சின்னதா இருக்காங்களே" என்று வாத்தியார் கேட்டதற்கு, "வளருவாங்க சார்" என்று சொன்னாராம். அப்பாவின் வாய்ச்சாலகம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அத்தை இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும்.

தம்பி தலையெடுத்த பிறகுதான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா படகு இஞ்சின் மெக்கானிக். பேச்சு குறைவு, தூக்கம் அதிகம், தங்கமான மனுஷன். தெருவின் கடைசியில், உப்பங்கழி கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், யாரும் சீந்தாத ஒரு துண்டு நிலத்தில் இரண்டு அறை கட்டினார்கள். கடலைப் பார்த்த ஜன்னலை மாமாவே பதித்தார். அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காய்ச்சலில் அவர் போன பிறகு, எத்தனையோ பேர் சரிசெய்து தருகிறேன் என்று வந்தும் அத்தை அந்த ஜன்னலில் கை வைக்க விடவில்லை. "அவர் செஞ்ச வேலை அந்த லட்சணத்துலதான் இருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைதான் அவளுக்குப் பிள்ளை; அது நான்.

அப்பாவின் ஐஸ் கடை தெருவின் மறுகோடியில், படகுத்துறையை ஒட்டி இருந்தது. படகுகள் கடலுக்குப் போகும்போது அவரிடம்தான் ஐஸ் ஏற்றும். தெருக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க இரண்டு பேர் வேண்டும், அதனால் ஊரார் அவருக்கு 'மைக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

கடல் ஒரே நாளில் வரவில்லை. முதலில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம் வலை காயப்போடும் இடம். அப்புறம் தெருவின் பொதுக்குழாய். அத்தை வீட்டில் ஓதம் ஏறும் நாட்களில் வாசல் வழியாக உப்புத் தண்ணீர் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவள் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்தாள். கொஞ்ச நாளில் இன்னொரு செங்கல் வைத்தாள். "ராத்திரி கட்டில்ல ஏறுறதுக்கு ஏணி வாங்கணும் போல" என்று என்னிடம் சொன்னாள்.

அரசாங்க ஆட்கள் வந்தார்கள். தெரு நீளத்துக்கும் பெரிய பாறாங்கற்களை அடுக்கிச் சுவர் போடலாம். அல்லது எல்லாரும் கிளம்பினால் பஸ்ஸில் போகும் தூரத்தில் மேட்டில் வீடு கட்டித் தரலாம். இரண்டில் ஒன்றுதான். பாதிப் பேருக்குச் சுவர், பாதிப் பேருக்கு மேடு என்கிற பேச்சே கிடையாது. எதுவானாலும் தெருவே ஒன்றாக முடிவு செய்து சொல்லவேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டு, உப்புத் தண்ணீர் படாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் தெருவில் ஒரு வீட்டிலும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. துறைப்பக்கம் இருந்தவர்களுக்குச் சுவர் வேண்டும். படகும் வியாபாரமும் அங்கேதான். கழிப்பக்கம் இருந்தவர்களுக்கு மேடு வேண்டும். நடுவில் இருந்தவர்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்னார்கள். தையல்காரரின் மனைவி மேடு என்றாள், தையல்காரர் "மேட்டுல எவன் வந்து எங்கிட்ட சட்டை தைப்பான்" என்றார். அப்பா மைக்கில் "நம்ம மண்ணு, நம்ம கடல்" என்று ஆரம்பித்தால் ஐஸ் உருகி ஓடும் வரைக்கும் நிறுத்த மாட்டார். மேட்டில் போய் யாருக்கு ஐஸ் விற்பது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம், ஆனால் அதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

அத்தை மைக் பிடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பேசினாள். வலை பின்னும் அக்காவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன். "கடல் கேக்கறப்பவே குடுத்துட்டா, சாமான் சட்டிய எடுத்துக்கிட்டு நல்லபடியா நடந்து போகலாம். அது புடுங்கினா ஓடணும். எனக்கு ஓடற வயசு இல்ல. எங்க வீட்டுக்காரர் வச்ச ஜன்னலக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன், எனக்கு அது போதும்." இதில் ஆவேசம் எதுவும் இல்லை. ஆனால் மைக்குக்கு மடங்காதவர்கள் அத்தையின் பேச்சுக்கு மடங்கினார்கள்.

முதல் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னபோது தெருவில் இருக்கும் ஆட்களைவிடத் தூக்கிய கைகள் அதிகமாக இருந்தன. அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்போதுதான் அப்பா அந்த விதியைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு சாவி. வாசல் பூட்டின் சாவியைக் கொண்டுவந்து தட்டில் போட வேண்டும். மண்டபத்து மேஜையில் இரண்டு பெரிய தட்டுகள். சுவர் வேண்டுபவர்களுக்கு ஒன்று, அதில் அடையாளத்துக்கு ஒரு கல். மேட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று, அதில் ஒரு செங்கல். எண்ணி முடித்ததும் வீடு வீடாகக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேலையாக இருப்பவர்கள் நம்பிக்கையான ஆள் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பலாம்.

விதி நல்ல விதிதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம் தெருவில் எந்த வீட்டிலும் சாவி ஆணியில் தொங்கவில்லை. புருஷன் இடுப்பில் இருந்தது, அல்லது பெண்டாட்டி முந்தானையில் முடிந்திருந்தது. ஆட்டோக்காரர் ஆட்டோ சாவியைக் கொண்டுவந்து, "நான் அதுலதான தூங்கறேன்" என்று வாதாடினார். தையல்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு சாவியோடு வருவதாக இருந்தது. பூட்டு ரிப்பேர்க்காரரிடம் மனைவி செய்து வாங்கிய இன்னொரு சாவியைக் கடைசி நேரத்தில் தையல்காரர் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார்.

கூட்டத்தன்றைக்கு அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல், ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது, அவளோடு மடிப்பவளும் படுத்துவிட்டாள். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தையின் சாவியைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியிலிருந்து கிழித்த ஒரு துண்டு அதில் கட்டியிருக்கும். அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை அவளே மடக்கி மூடினாள்.

"செங்கல் தட்டுடா. மறந்துடாத."

"இதப் போய் மறப்பேனாக்கா."

"நீ உன் சாவிய உன் இஷ்டப்படி போட்டுக்க. அதுல நான் தலையிட மாட்டேன்."

"சரிக்கா. நீ கிளம்பு, பஸ் போயிடும்."

அவ்வளவுதான் பேச்சு. சுவர்தான் வேண்டும் என்று ஊரைக் கூட்டிப் பேசுகிறவன் கையில் மேட்டுக்கான சாவியைக் கொடுக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் தோன்றியிருக்கும். அம்மா மட்டும், "வலைக்காரக்காகிட்ட குடுத்திருக்கலாமே அண்ணி" என்றாள். "என் தம்பி இருக்கறப்ப நான் ஏன் ஊரானுக்குக் குடுக்கணும்" என்று அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். நிறுத்தத்திலேயே தையல்காரர் எதிரில் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொல்லி அனுப்பினபடியே ஆயிடுச்சுக்கா. எங்களுக்கும் ஒரே குழப்பமா இருந்துச்சு. உங்க சாவி எதுல விழுதுன்னு பாத்துட்டு அதுலயே போடலாம்னு நாங்க நாலஞ்சு வீடு காத்துக்கிட்டு இருந்தோம்."

"எதுல விழுந்துச்சு?" என்றாள் அத்தை.

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "கல்லுலதான. உங்க தம்பி எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிக் காட்டிட்டுப் போட்டாரே. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு நாங்களும் அதுலயே போட்டோம். கொஞ்சம் பிசகியிருந்தா மேடுதான். உங்க சாவியாலதான் சுவர் ஜெயிச்சது."

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். துணி மடிக்கிற கை அது, இரும்புப் பிடி. "சரிப்பா" என்று தையல்காரரிடம் சொன்னாள். என் மணிக்கட்டை விடாமலே நடந்தாள். வலை பின்னும் அக்கா மட்டும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சாவி செங்கல்லில் விழுந்திருந்தது. இஸ்திரியக்கா நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள் என்று அவள் நினைத்திருப்பாள்.

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்தும் மைக் வீட்டுக்கு வந்திருந்தது, மேஜைமேல் கிடந்தது. அத்தை உட்காரவில்லை.

"சாவி எங்கடா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "அக்கா, கோவப்படாம கேளு. மேட்டுல உனக்கு யாரு இருக்கா? ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். நான் உன் நல்லதுக்குதான்..."

"நான் உங்கிட்ட யோசனை கேக்கல. சாவியக் குடுத்தேன்."

"சுவர் உன் வாசலுக்கே வரும்கா. நான் பொறுப்பு. உன் வீட்டுல ஒரு சொட்டு தண்ணி ஏறினா எங்கிட்ட வந்து கேளு."

"என் சாவியக் காட்டி மத்தவங்களையும் இழுத்துட்டியேடா."

அவர் டீயைக் குடித்தார். நான் அத்தையின் பின்னாலேயே ஓடி, இப்போதே தெருவில் போய்ச் சொல்வோம், மறுபடி கூட்டம் போடச் சொல்வோம் என்று குதித்தேன். நான் குதித்தது நியாயம்தான், இன்றைக்கும் குதிப்பேன். அவள் கேட்கவில்லை. "சொன்னா நாளைக்கு அவன் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியுமா? நான் வளத்தவன்டி. வாசலுக்கு வரும்னு சொல்றான்ல, பாப்போம். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, எம்மேல சத்தியம்." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாள். அவர் அதைத் தெரிந்தே வாங்கிக்கொண்டார்.

லாரிகள் வந்தன. துறைப்பக்கம் ஐஸ் கடைக்கு முன்னால் முதல் கல்லை இறக்கினார்கள். அப்பா அதற்கும் ஒரு உரை நிகழ்த்தினார். சுவர் வீடு வீடாக நகர்ந்து வந்தது. அத்தை வேலையில்லாத நாட்களில் வாசலில் குடம் நிறையத் தண்ணீர் வைத்து வேலையாட்களுக்குக் கொடுத்தாள். கல் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கப் போய்ப் போய் வந்தாள். அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததைப் பார்த்தேன், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் வீட்டை எட்டாமலே சுவர் நின்றது. இயந்திரங்களை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அத்தை குடத்தை வைத்துவிட்டு இஞ்சினியரிடம் போனாள். நானும் கூட நின்றேன்.

"மிச்சம் எப்பங்க போடுவீங்க?"

"மிச்சம் இல்லீங்க, இவ்வளவுதான். கழிமுகத்த அடைக்க முடியாது, தண்ணி வடியணும். கடைசி வீட்டுக்கு சுவர் வராது. அதுமட்டுமில்ல, சுவர் முடியற இடத்துல அலை திரும்பி மண்ண அரிக்கும், அந்த வீட்டுல இருக்கறவங்க கிளம்பணும்னு உங்க தலைவர்கிட்ட வரைபடத்தையே காட்டி சொல்லிட்டோமே."

"எப்ப சொன்னீங்க?"

"முதல்லயே. நீங்கள்லாம் சாவி போடறதுக்கு முன்னாடி."

அந்த இஞ்சினியர் நல்ல மனிதர். தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அத்தை குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவருக்குக் கொடுத்தாள். அப்பா அன்றைக்குக் காலையிலேயே டவுனில் வேலை என்று போயிருந்தார், அவருக்கு எப்போதுமே சரியான நாளில் டவுனில் வேலை இருக்கும்.

அதுவரைக்கும் நான் அப்பாவைப் பேராசைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். கடையைக் காப்பாற்ற அக்காவின் சாவியை மாற்றிப் போட்டார், ஆனால் அவளுக்கும் சுவர் கிடைக்கும் என்று நம்பித்தான் போட்டார் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. அவள் வீடு போகும் என்று தெரிந்துகொண்டே அவள் சாவியை வாங்கியிருக்கிறார். தெரிந்துகொண்டே "நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன், அம்மா அவருக்குத் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார், அதற்காக ஒரு வேளையும் குறைத்துச் சாப்பிடவில்லை.

அடுத்த கொந்தளிப்புக் காலத்தில் அது நடந்தது. அலை சுவரில் மோதி, அதை ஒட்டியே ஓடி, முடிகிற இடத்தில் திரும்பி அத்தை வீட்டுக்கு அடியில் புகுந்தது. பட்டப்பகலில், தெருவே நின்று பார்க்க, மண் கரைந்துகொண்டிருந்தது. அப்பா ஐஸ் கடை ஆட்களோடு சாமான் தூக்க ஓடி வந்தார். அத்தை ஆட்களை உள்ளே விட்டாள். அவர் படியில் கால் வைத்தபோது, "நீ வேண்டாம்" என்றாள். அவர் வெளியே நின்றார். கட்டிலும் பாத்திரமும் பெட்டியும் வந்துவிட்டன. ஜன்னலைக் கழற்றத்தான் நேரமில்லை. மாமா அதைச் சாய்வாக வைத்திருந்தாலும் அழுத்தமாக வைத்திருந்தார். எல்லாரும் வெளியே வந்ததும் அத்தை கதவைச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிற வீட்டை எதற்குப் பூட்டுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் ஜன்னல் சுவர் போயிற்று. பூட்டிய கதவு கடைசியாக விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மாடியறைக்கு அவள் குடிபோனாள். அம்மா போய் அழுது கூப்பிட்டாள். "உன் வீடுன்னா நான் வருவேன்மா. அவனும் அங்கதான இருக்கான்" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

சுவரும் தெருவைக் காக்கவில்லை. திறந்து கிடந்த கடைசி முனை வழியாகக் கழித் தண்ணீர் பின்பக்கமாக ஏறி, சுவருக்கு உள்ளேயே தேங்கி, வடிய வழியில்லாமல் நின்றது. சுவர் கேட்டவர்கள் வீட்டுக்குள் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார்கள். அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். மறுபடி அதே இரண்டு வழிதான்: சுவரை உயர்த்துவது, அல்லது மேடு. மறுபடி மண்டபம், மறுபடி இரண்டு தட்டு.

இந்த முறை அத்தை லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பச்சைத் துணி கட்டிய சாவியைச் செங்கல் தட்டில் போடப் போனாள். தட்டுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த தையல்காரர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். அக்கா என்று கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்கலாம். மைக்கில் சொன்னார்.

"வீடு இருக்கறவங்க சாவி மட்டும்தான் கணக்கு. வீடு இல்லாத சாவி சேராது. இது எல்லாருக்கும் பொதுவான விதி."

அத்தை கையைப் பின்னால் இழுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை; ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் சொன்னது கடைசி நாற்காலிவரை கேட்டது.

"சரி. போன தடவ இந்த சாவிக்கு வீடு இருந்துச்சு. செங்கல்லுன்னு சொல்லித்தான் உன் கையில குடுத்தேன். நீ கல்லுல போட்ட. அப்ப மட்டும் கணக்குல சேந்துச்சா?"

வலை பின்னும் அக்கா எழுந்து நின்றாள். தையல்காரருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உங்க சாவியப் பாத்துத்தானக்கா நாங்க போட்டோம்" என்றார். "அப்பவே ஏன் சொல்லல?"

"என் தம்பியாச்சே" என்றாள் அத்தை.

அப்பா மைக்கைக் கீழே வைத்தார். அவராகவே மைக்கைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து செங்கல் தட்டில் சாவியைப் போட்டார்கள். கல் தட்டில் ஏற்கனவே போட்டிருந்த சிலர் எடுத்து மாற்றிப் போட்டார்கள்; தடுக்க யாரும் இல்லை. தெரு மேட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அத்தையின் சாவி மட்டும் எந்தத் தட்டிலும் விழாமல் அவள் கையோடு திரும்பிப் போயிற்று.

மேட்டில், நிற்கிற வீட்டுக்கு ஒரு வீடு என்று கொடுத்தார்கள். அத்தைக்கும் வேண்டும் என்று தையல்காரர் நாலு பேரோடு போய்க் கேட்டார். அப்பாவும் தனியாகப் போய்க் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். "வீடு இல்லாதவங்களக் கணக்குல சேக்கறதில்லன்னு உங்க கமிட்டியே விதி வச்சிருக்கீங்களே" என்று அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டார். இஸ்திரியக்காவுக்கு வீடு இல்லையென்றால் நாங்களும் போக மாட்டோம் என்று யாராவது சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். வலை பின்னும் அக்கா அழுதாள், தையல்காரர் அழுதார், அழுதுகொண்டே லாரியில் சாமானை ஏற்றினார்கள். நாங்களும் ஏற்றினோம்.

புது வீட்டில் எல்லாம் காய்ந்திருக்கிறது. கட்டில் கால் தரையில் இருக்கிறது. ஐஸ் கடை போனதால் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டின் இன்னொரு சாவியைக் கொடுத்தார். எங்கேயோ தேடிப் பிடித்து அதில் ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தார். "அக்காகிட்ட குடுத்துடு. எப்ப வேணா வரலாம், யாரையும் கேக்க வேணாம், அவளே திறந்துக்கலாம்னு சொல்லு." மைக் இல்லாமல் அவர் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் வாங்கிக்கொண்டேன்.

சலவைக்கூடத்தில் அத்தை ஒரு கட்டில் விரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் கண்ணால் காட்டினாள், நான் போய் எதிர் முனையைப் பிடித்தேன். உதறினோம், மடித்தோம், நடந்து போய் அவள் கையில் சேர்த்தேன். அப்புறம் சாவியைக் கொடுத்து, அப்பா சொன்னதைச் சொன்னேன்.

அவள் அந்தப் பச்சைத் துணியை மட்டும் அவிழ்த்தாள். "இது எங்க ஆஸ்பத்திரித் துணி" என்று அழுக்குக் கூடையில் போட்டாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள்.

"அவன்கிட்டயே குடுத்துடு. அடுத்தவங்க வீட்டுச் சாவிய வாங்கி வச்சுக்கற பழக்கம் எனக்கு இல்லன்னு சொல்லு."

பிறகு அடுத்த விரிப்பை எடுத்தாள், நான் முனையைப் பிடித்தேன்.